கால் கிலோவுக்குப் பத்து கிராம் கம்மி

உங்களைப் படம் எடுக்கலம்மா. நிஜமாத்தான் சொல்றேன். பாருங்க, லென்ஸ் உள்ளதான் இருக்கு. ஏற்கெனவே எடுத்த படத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். நீங்க பையை மடியில இறுக்கிப் பிடிச்ச வேகத்தைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தப்பில்லம்மா. பக்கத்து சீட்டுல யாருன்னு தெரியாதப்ப சந்தேகப்படறதுதான் நல்லது. நானா இருந்தா இந்நேரம் சீட்டு மாறி உட்கார்ந்திருப்பேன்.

என் பேரு சௌந்தரவல்லி. திருச்சி உறையூர். பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. முசிறியில ஒரு சின்ன ஜோலி, முடிச்சிட்டுத் திரும்பிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குச் சாயங்காலம் என் பையன் வீட்டுக்கு வந்துடுவான். வீட்டை விட்டுப் போய் இருபத்தோரு நாளாச்சும்மா. ஒரே பையன். அவங்கப்பா இல்ல. இருபத்தோரு நாளா ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு தெரியாம தினமும் ரசம் மிஞ்சிப் போவுது. கொட்டவும் மனசு வரல.

எதுக்குப் போனான்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். இந்தக் கேமராவாலதான்னு அவன் சொல்வான். நான் ஒத்துக்கமாட்டேன். கேமரா என்னம்மா பண்ணும்? எதிர்ல என்ன இருக்கோ அதைத்தானே எடுக்கும்?

இந்தாங்க, முறுக்கு எடுத்துக்கோங்க. வேணாமா? சரிதான். பஸ்ல யார் கொடுத்தாலும் வாங்கித் திங்காம இருக்கறது நல்ல பழக்கம்.

பையன் பேரு சபரீசன். மின்வாரியத்துல வேலை, லால்குடியில. முப்பத்தி நாலு முடிஞ்சு போச்சு. மூணு வருஷமாப் பொண்ணு பார்க்கறேன். முதல்ல வந்த ஜாதகத்தோட ஒரு போட்டோ வெச்சிருந்தாங்க. இடுப்பு வரைக்கும் சடை, சந்தனமாட்டம் நிறம். பையன் பார்த்த உடனே சரின்னுட்டான். நேர்ல போய்ப் பார்த்தா, அந்தப் போட்டோவுக்கும் அந்தப் பொண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. சடை பாதி கடையில வாங்கினது. கேசரியையும் பஜ்ஜியையும் தட்டோட நகர்த்தி வெச்சுட்டேன்மா. எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு ஆள் மாறாட்டம். செத்துப்போன அண்ணன் இடத்துல தம்பி வந்து நின்னு கையெழுத்துப் போடுவான். மூஞ்சியைப் பார்த்ததும் சொல்லிடுவேன், நீ அவன் இல்லைன்னு. என்னை யாரும் ஏமாத்தினதில்ல.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே ஸ்டுடியோ போட்டோவை நம்பறதில்ல. பொண்ணு தனக்குத் தெரியாம எப்படி இருக்கா, எப்படி நடக்கறா, யார்கூடப் பேசறா, அதை நானே எடுத்துப் பார்த்துக்கறது. இதுல தப்பு இருக்காம்மா? ஒரு வீடு வாங்கறதுன்னா முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கறோம். வீட்டுக்கு வர்ற மருமகளைப் பார்க்கக் கூடாதா?

சபரீசன்கிட்ட ஒரு பெரிய கேமரா இருக்கு. ஞாயித்துக்கிழமையானா கொள்ளிடக் கரையில போய்க் கொக்கு, நாரையெல்லாம் எடுப்பான். அவன் டியூட்டிக்குப் போன ஒருநாள் அதைத் தூக்கி மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். அம்மிக் குழவியைக் கழுத்துல கட்டின மாதிரி கனம். உள்ள நுழைஞ்சதும் வாட்ச்மேன் ஓடி வந்து எந்தப் பத்திரிகைன்னு கேக்கறான். குருக்கள் என்னைப் பார்த்துத் திரும்பித் திரும்பித் தீபாராதனை காட்டறார். நான் பார்க்கப் போன பொண்ணு அவங்கம்மா முதுகுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா. மூணு நாள் இடது தோளைத் தூக்க முடியல. தைலத்துக்குத்தான் வேலை.

சரி, போன்ல எடுக்கலாம்னு பார்த்தேன். போனை மூஞ்சிக்கு நேரா தூக்கினா அக்கம்பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்க்குது. அதோட என் போன் தானா வெளிச்சம் அடிக்கும். அதை நிறுத்திக் கொடுன்னா பையன் எதுக்கும்மான்னு கேப்பான். அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

அப்புறந்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேமராக் கடைக்குப் போனேன். தினமும் பையில வெச்சுக்கற மாதிரி லேசா ஒன்னு காட்டுப்பான்னேன். அவன் எடுத்த உடனே பெருசு பெருசா எடுத்து வைக்கறான். லென்ஸை மாத்தலாம், மழை பட்டாலும் ஒன்னும் ஆகாதுங்கறான். அதெல்லாம் வேணாம், உள்ளங்கையில அடங்கணும், சத்தம் வரக்கூடாது, வெளிச்சம் வரக்கூடாது, தூரத்துல நிக்கறவங்க மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "டூர் போறீங்களா மேடம்?"ன்னான். "கோயில் கோயிலாப் போறேன்"னேன். பொய் இல்லையே, கோயிலுக்குத்தானே போறேன்?

கடைசியா இதை எடுத்துக் கொடுத்தான். சோப்பு டப்பா அளவுதான். அமுக்கினா லென்ஸ் நீட்டிக்கிட்டு வரும், வேலை முடிஞ்சா உள்ள போய் மூடிக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன பஸ்ஸோட போர்டை இழுத்துப் பார்த்தேன். டிரைவர் பல்லுல குச்சி விட்டுக் குத்திக்கிட்டு இருந்ததுகூடத் தெரிஞ்சுது. அட்டையில கனம் இருநூத்தி நாப்பது கிராம்னு போட்டிருந்தான். போட்டிருந்தா நம்பிடறதா? பக்கத்துல காய்கறிக்கடை இருந்துச்சு. அந்தம்மா தராசுல வெச்சுப் பார்த்தேன். இருநூத்தி நாப்பதேதான். கால் கிலோவுக்குப் பத்து கிராம் கம்மி. "கத்திரிக்காய்கூட இதைவிடக் கனமாயிருக்குமேக்கா"ன்னு அந்தம்மா சிரிச்சா. அட்டைப்பெட்டி நம்பரும் கேமரா அடியில இருக்கற நம்பரும் ஒன்னான்னு சரிபார்த்துட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரன் சத்தத்தையும் வெளிச்சத்தையும் நிறுத்திக் கொடுத்தான், ஆனா என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல.

வாங்கினதுல இருந்து இது என்கூடத்தான். அர்ச்சனைக் கூடையில வாழைப்பழச் சீப்புக்குக் கீழ வெச்சா யாருக்கும் தெரியாது. பழகிட்டா விட முடியலம்மா. பால்காரன் வாசல் குழாய்கிட்ட எதுக்குக் குனியறான், எதிர்வீட்டுக்காரி குப்பையை யார் வீட்டு வாசல்ல தள்றா, எல்லாம் இதுல இருக்கு. பொண்ணுங்கள்லயும் மூணு நாலு பேரை எடுத்தேன். ஒருத்தி ஆட்டோக்காரன்கிட்டக் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடறா. ஒருத்தி பிரசாதத்தைத் தின்னுட்டுத் தூணுல கையைத் துடைக்கறா. வேணாம்னுட்டேன். சபரீசன் ஒருநாள் இதை எடுத்து ஒவ்வொன்னாத் தள்ளிப் பார்த்தான். நானூறு படத்துக்கு மேல இருந்துச்சு. பார்த்துட்டு, "இதுல ஒருத்தராவது சிரிக்கிறாங்களாம்மா?"ன்னான். அவனுக்கு என்ன தெரியும்.

ஒருத்தி சிரிச்சா. அப்புறம் எடுத்த படத்துல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முசிறியில இருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. இந்துமதி, பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர். அப்பா ரிட்டயர்டு போஸ்ட்மேன். பொருத்தம் எட்டு. போட்டோவுல லட்சணமா, அமைதியா, பெரிய கண்ணோட இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்ததுதான் எனக்குச் சந்தேகம். தரகர் நடனசபாபதியைப் பிடிச்சு, பொண்ணை முன்னாடியே ஒருதரம் பார்க்கணும், வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னேன். அவர் சொன்னார், "செவ்வாய்க்கிழமை ராகுகாலத்துல துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட வரும்மா. ஸ்கூல் விட்டு நேரா வரும். அன்னிக்கு டீச்சருங்க எல்லாருக்கும் மாம்பழக் கலர் சேலை. பார்த்ததும் தெரிஞ்சுக்கலாம்."

போனேன். நாலேகாலுக்கு மாம்பழக் கலர் சேலையில ஒருத்தி வந்தா. விளக்குப் போட்டா. நான் தூணோரமா நின்னு இதை எடுத்துத் தயாரா வெச்சிருக்கேன். வெளிய வந்து செருப்பு மாட்டறா. அங்க ஒருத்தன் பைக்ல நிக்கறான். என்னமோ சொல்றான், இவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. அப்படி ஒரு சிரிப்பு. பின்னாடி ஏறி உட்கார்ந்து தோள்ல கையைப் போட்டுக்கிட்டுப் போறா. ஆறு படம் எடுத்தேன்.

மூஞ்சியை வீட்டுல இருந்த போட்டோவோட வெச்சுப் பார்த்தியான்னு நீங்களும் கேப்பீங்க. என் பையனும் அதைத்தான் கேட்டான். ஸ்டுடியோ போட்டோவுல இருக்கற மூஞ்சியை எவ நம்புவா? அது வேற மாதிரி இருந்துச்சு. வேற மாதிரி இருந்ததும் நான் என்ன நினைச்சேன்? ஏமாத்தறாங்கன்னுதான் நினைச்சேன். சேலை சரியா இருந்துச்சு, நேரம் சரியா இருந்துச்சு, விளக்கு சரியா இருந்துச்சு. தரகர்கிட்டக் காட்டினேன். அந்த மனுஷன் கண்ணாடி கொண்டு வரல. இத்துனூண்டு திரையில உத்து உத்துப் பார்த்துட்டு, "சேலை அதேதாம்மா, ஐயையோ"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டார்.

நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. தரகர்கிட்ட மட்டும்தான். அப்புறம் என் நாத்தனார்கிட்ட. அவ கேட்டா, சொல்லாம இருக்க முடியுமா? அதுக்கப்புறம் துறையூர்ல ஒரு இடம் அந்தப் பொண்ணைப் பேசி முடிக்கப் போறாங்கன்னு தரகர் சொன்னார். எனக்கு மனசு கேக்கல. இன்னொரு தாய் ஏமாறக்கூடாதுல்ல? ஒரு பிரிண்டு போட்டுக் கவர்ல வெச்சுத் துறையூருக்கு அனுப்பினேன். பேரு போடல. மொட்டைக் கடிதாசின்னு சொல்லாதீங்க. உள்ள கடிதாசியே இல்ல. போட்டோ மட்டும்தான்.

ஏம்மா அப்படிப் பார்க்கறீங்க?

ஒரு மாசம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பெரியவர் வந்தார். காக்கி நிறத்துல பழைய பை. கூட ஒரு புருஷன் பெண்டாட்டி. ஏதோ டொனேஷன் கேட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சு, அடையாள அட்டை இருக்கான்னேன். அவர் பையில இருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில வெச்சார். நான் அனுப்பின கவர். "துறையூர்க்காரங்க இதை என்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டாங்கம்மா. பேர் இல்ல. முத்திரை உறையூர் போஸ்ட் ஆபீஸ் முத்திரை. உறையூர்ல என் பொண்ணு ஜாதகம் யார்கிட்ட இருக்குன்னு தரகரைக் கேட்டேன்"னார்.

அப்புறம் பக்கத்துல நின்னவளைக் காட்டினார். "இந்தப் போட்டோவுல இருக்கறது இவங்க. என் பொண்ணோட வேலை பார்க்கற டீச்சர். இவர் இவங்க வீட்டுக்காரர். அன்னிக்கு என் பொண்ணு கோயிலுக்கே வரலம்மா. காய்ச்சல். அவளுக்குப் பதிலா இவங்க விளக்குப் போட வந்தாங்க."

அந்த டீச்சர் என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர்கூட நான் சிரிச்சதுக்கு, பாவம், இந்துவை எதுக்கும்மா…"ன்னு ஆரம்பிச்சவ முடிக்கல, அழ ஆரம்பிச்சுட்டா. நான் சொன்னேன், "தாலி வெளிய தெரியலையேம்மா, உள்ள போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" நியாயந்தானே?

பெரியவர் சத்தம் போடுவார்னு எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தா எனக்கும் பேச வந்திருக்கும். அவர், "ஊர்ல தலை காட்ட முடியாம என் பொண்ணு மூணு வாரமா ஸ்கூலுக்குப் போகல"ன்னார். அப்புறம், "முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாக் கடிதாசி கொண்டு போய்க் கொடுத்திருக்கேன். ஒன்னையும் பிரிச்சுப் பார்த்ததில்லம்மா"ன்னார். அவ்வளவுதான். தண்ணி கொடுத்தேன், குடிக்கல.

என் பையன் அங்கேயே கொக்குப் படம் எடுக்கற கேமராவைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டான். அவங்க போனதும் தன் துணிமணியை எடுத்துப் பையில அடுக்கினான். "நீ முசிறிக்குப் போ. அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு, நான் பண்ணது தப்புன்னு உன் வாயால சொல்லு. சொன்ன அன்னிக்கு வரேன்." கிளம்பறப்ப அவன் பேசினது இதுதான். நேத்து ராத்திரி போன் பண்ணி, "நாளைக்குப் பதினோரு மணிக்கு நீ வருவேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன், போவியா?"ன்னான். போறேன்னேன்.

போனேன்மா. அவன் போகச் சொன்னான், போயிட்டு வந்துட்டேன். விலாசம் கேட்டு, தெருவைக் கண்டுபிடிச்சு, பதினோரு மணிக்கு முன்னாடியே போய்ட்டேன். எதிர்ல ஒரு மாவு மில்லு. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போகலாம்னு அது வாசல்ல நின்னேன். முப்பத்தோரு வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னவங்களைத்தான் நான் கேள்வி கேட்டிருக்கேன். நான் போய் ஒருத்தர் முன்னாடி நின்னதில்லம்மா. பயமாயிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

அப்ப அந்தப் பொண்ணு வெளிய வந்தா. பாருங்க, இதான். இந்தப் படத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஸ்டுடியோ போட்டோவுல இருந்த அதே மூஞ்சி. அதே கண்ணு. ஒரு மாத்தமும் பண்ணல அவங்க. கொஞ்சம் இளைச்சிருக்கா. ஆனா நல்லாக் கவனிங்க. காலையில பதினோரு மணிக்கு நல்ல சேலை, தலையில பூ. வாசல்ல வந்து நிக்கறா, தெருக்கோடி வரைக்கும் பார்க்கறா, உள்ள போறா, திரும்ப வர்றா. நாலு தடவை வந்தா. யாருக்கோ காத்திருக்கறா இல்லையா? அது யாரு? இதோ இப்படிப் பெருசு பண்ணா வாசப்படியில ஒரு ஆம்பளை ஷூ. பெரியவர் ரப்பர் செருப்புப் போடறவர், நான் பார்த்தேன். அப்ப இந்த ஷூ யாரோடது? ஸ்கூலுக்குப் போக முடியலைங்கறா, வீட்டுல ஆள் வந்து போறாங்க. அதான் நான் உள்ள போகல. ஒரு படம் எடுத்தேன், பஸ் ஏறிட்டேன். பையன் வந்ததும் இதைக் காட்டினா அவனே புரிஞ்சுக்குவான், அம்மா சும்மா சந்தேகப்படலைன்னு.

இருங்கம்மா, போன் அடிக்குது. அவன்தான். நீங்க ஒன்னும் பேசிடாதீங்க.

சொல்லுடா தம்பி. ம்… போனேன்டா. போயிட்டு வந்துட்டேன். பார்த்தேன், பேசினேன். எல்லாம் சொல்லிட்டேன். அவளா? ஒன்னும் சொல்லல, பரவாயில்லைங்கம்மான்னா. காபி கொடுத்தாங்க, குடிச்சேன். ஆமாடா, மன்னிச்சுட்டா. நீ சாயங்காலம் வந்துடு, வெண்டைக்காய்… என்னது? நான் பஸ்ல… குணசீலம் தாண்டல இன்னும். நீ எங்க இருக்கே? லால்குடியிலயா?

எங்கடா?

யார் வீட்டுல?

எப்போ வந்தே?

தம்பி… இரு, வெச்சுடாத. தம்பி…

வெச்சுட்டான்.

அங்கதான் இருக்கான்மா. அந்த வீட்டுக்குள்ள. பத்து மணிக்கே வந்துட்டானாம். அம்மா தனியா வந்து தலைகுனிஞ்சு நிக்க வேணாம், நானும் பக்கத்துல நின்னுக்கறேன்னு வந்தானாம். நான் வழி தெரியாம நிப்பேனோன்னு அந்தப் பொண்ணை அனுப்பி அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கான். எனக்கு ஆத்தின காபி இன்னும் அங்கேயே இருக்காம். போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கான்மா. நான் சொன்னது மொத்தத்தையும் அவங்க எல்லாரும் உட்கார்ந்து கேட்டாங்களாம்.

இந்த ஷூவைப் பாருங்க. குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. சின்ன வயசுல இருந்தே அவன் அப்படித்தான் தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பான். எத்தனை தடவை திட்டியிருக்கேன். என் பிள்ளையோட ஷூம்மா இது. எனக்குத் தெரியலையேம்மா.

குணசீலத்துல இறங்கினா, திரும்ப முசிறிக்கு எத்தனை மணிக்கும்மா பஸ்ஸு?